மின் கிட்டாரின் நாதத்தில் மரத்துக்கு எவ்வளவு பங்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு "டோன்வுட்" என்ற சொல் இப்போது இரண்டு வழிகளில் வந்து சேருகிறது. முதல் வழி கிட்டார் கடை. தேவாலயப் பாடகர் குழுவிலோ திருவிழா இன்னிசைக் குழுவிலோ வாசிக்கும் ஓர் இளைஞர் ஓசூரைத் தாண்டிப் பெங்களூருவுக்குப் போய் மின் கிட்டார்களைப் பார்க்கிறார். ஒவ்வொன்றின் விவர அட்டையிலும் மகோகனி உடல், மேப்பிள் கழுத்து, ரோஸ்வுட் பலகை என்று மரங்களின் பெயர்களே முதலில் நிற்கின்றன. பெயருக்கு ஏற்றபடி விலையும் ஏறுகிறது. இரண்டாம் வழி நாற்றுப் பண்ணை. மானாவாரி நிலத்திலும் மாந்தோப்பு ஓரத்திலும் மகோகனி நடச் சொல்லி வருபவர்கள், உலகத் தரமான இசைக்கருவிகள் இந்த மரத்தில்தான் செய்யப்படுகின்றன என்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: மின் கிட்டாரின் ஒலியை மரம் தருகிறது என்பது. இதை மறுப்பவர்களோ மறு எல்லைக்குப் போய், மரத்துக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. மரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இல்லை, நினைக்கும் அளவிலும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள அந்தக் கருவிக்குள் ஒலி எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வீணையில் மரம் செய்யும் வேலை வேறு

டோன்வுட் என்றால் ஒலிக்குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் மரம். நமக்கு இந்தக் கருத்து புதியதல்ல. வீணையும் மிருதங்கமும் பலாவில் குடையப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதற்காகப் பழைய வீடுகளின் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகிறார்கள். அந்த ஆச்சா, ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் கரையோர வறண்ட காடுகளில் இயல்பாக வளரும் மரம் என்பதை இங்குள்ளவர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

வீணையின் தந்தி தனியாக அதிர்ந்தால் அருகில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மெல்லிய தந்தியால் காற்றைத் தள்ள முடியாது. அந்த அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேல்பலகைக்கு இறங்குகிறது. பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. அங்கே மரமே ஒலிபெருக்கி. பலகையின் கனம், விறைப்பு, வரியோட்டம் ஆகியவை மாறினால் ஒலி மாறுவதைத் தவிர்க்க முடியாது. சாதாரண கிட்டாரின் மேல்பலகைக்கும் இதே கணக்குதான்.

உள்ளே குடையாத, திண்ணிய பலகையால் ஆன மின் கிட்டார் இதற்கு நேர் எதிரான நோக்கத்தோடு பிறந்தது. 1930களில் கூடுள்ள கிட்டார்களில், கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைப் பொருத்தி ஆம்ப்ளிஃபையரில் இணைத்தபோது, ஸ்பீக்கரின் ஒலி திரும்ப வந்து மேல்பலகையை அதிரச் செய்து, கருவி ஊளையிட்டது. அதைத் தடுக்க வேண்டுமானால் உடல் அதிரக் கூடாது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் கொண்ட பைன் கட்டையில் கம்பிகளை இழுத்துக் கட்டிச் செய்த கருவி இந்த எண்ணத்தின் விளைவு. அதற்கும் முன்பே, 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மடி கிட்டார் முழுக்க வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதில் மரமே இல்லை. 1950களில் டேன்எலக்ட்ரோ நிறுவனம் அழுத்திய நார்ப்பலகையிலும், 1969இல் டான் ஆம்ஸ்ட்ராங் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கிலும் கிட்டார் உடல்களைச் செய்தார்கள். அவை அனைத்தும் மேடையில் மின் கிட்டாராகவே ஒலித்தன.

கம்பியிலிருந்து ஸ்பீக்கர் வரை

ஒரு சுரம் பிறந்து காதுக்கு வரும் பாதை நான்கு படிகளைக் கொண்டது.

1. கம்பி அதிர்கிறது. ஆறு கம்பிகளையும் வழக்கமான சுருதியில் சேர்த்தால், தடித்த கம்பி நொடிக்கு சுமார் 82 முறையும் மெல்லிய கம்பி சுமார் 330 முறையும் அதிரும். இது அடிப்படை அதிர்வெண். இதோடு சேர்ந்து இதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என மேற்சுரங்களும் ஒரே கம்பியில் அதிர்கின்றன. அவற்றில் எது தூக்கலாக, எது தாழ்வாக இருக்கிறது என்பதையே நாம் "நாதம்", "டோன்" என்கிறோம்.

2. பிக்கப் அந்த அசைவை மின்சாரமாக மாற்றுகிறது. பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும். எஃகுக் கம்பி மேலே அசையும்போது காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுதான்.

3. வால்யூம், டோன் குமிழ்களையும் கேபிளையும் கடந்து அந்தச் சிறிய மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது.

4. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்க, ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிறது. கிட்டாருக்கென்று செய்யப்படும் 12 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலிகளைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை.

பிக்கப் காந்தத்தால் வேலை செய்கிறது. மரம் காந்தத்துக்கு வசப்படாது. ஆகவே மரத்தின் அதிர்வை பிக்கப் நேராக "கேட்பது" இல்லை. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும்: சுருள் மெழுகில் நன்கு தோய்க்கப்படாமல் தளர்ந்திருந்தால், உடலைத் தட்டும் ஒலியையும் பிக்கப் ஓரளவு பிடித்துவிடும். ஆனால் அது பிக்கப்பின் குறை. அதை மரத்தின் குணமாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

மரம் எங்கே நுழைகிறது

மரம் முதல் படியில், கம்பியின் இரண்டு முனைகள் வழியாக நுழைகிறது. ஒரு முனை, உடலின் மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ். மறுமுனை கழுத்தின் உச்சியிலுள்ள நட், அல்லது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் விரல் அழுத்தும் ஃபிரெட். கம்பியின் அதிர்வு முனைக்கு வந்து மோதித் திரும்புகிறது. முனை மலைபோல் அசையாமல் இருந்தால் முழு ஆற்றலும் கம்பிக்கே திரும்பும். முனை சிறிதளவு அசைந்து கொடுத்தால், கொடுத்த அளவுக்குக் கம்பியின் ஆற்றல் மரத்துக்குள் இறங்கி வெப்பமாகத் தேய்ந்துவிடும். மின் கிட்டாரின் மரம் பற்றிய முழு இயற்பியலும் இந்த "அசைந்து கொடுத்தல்" என்ற ஒன்றில் அடங்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, மரம் ஒலியைச் சேர்ப்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. "மகோகனி இனிமையைத் தருகிறது" என்பதை இயற்பியல் மொழியில் சொல்வதானால், சில அதிர்வெண்களில் கம்பியின் ஆற்றலை அது சற்று விரைவாக உறிஞ்சுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி உறிஞ்சுவதும் கம்பியை மீட்டிய கணத்தில் அதிகம் தெரியாது. சுரம் நீண்டு தேயும் நொடிகளில்தான் தெரியும்.

இரண்டாவது, 4 அல்லது 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள உடல் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. நீளமும் ஒடுக்கமும் கொண்ட கழுத்துதான் வளைந்து கொடுக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களின் இறுதியில் மின் கிட்டார்களிலும் பேஸ் கிட்டார்களிலும் இதை அளந்து காட்டினார். கழுத்து தனக்கென்று சில அதிர்வெண்களில் ஊசலாடும். வாசிக்கும் சுரம் அந்த அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், கம்பியின் ஆற்றல் கழுத்துக்குள் பாய்ந்து, அந்தச் சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். வாசிப்பவர்கள் இதை "டெட் ஸ்பாட்" என்கிறார்கள்.

இதை எவரும் கையாலேயே சோதிக்கலாம். ஒரு பேஸ் கிட்டாரின் ஜி கம்பியில் முதல் ஃபிரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி, ஒரே வேகத்தில் மீட்டி, சுரம் அடங்கும்வரை மனத்துக்குள் எண்ண வேண்டும். பல கருவிகளில் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட்டுக்குள் ஓரிடத்தில் எண்ணிக்கை திடீரென்று குறையும். பக்கத்துச் சுரங்கள் நீண்டு நிற்க, இது மட்டும் "டும்" என்று அமுங்கும். இப்போது மரவேலைக்குப் பயன்படும் சிறிய கிளாம்ப் ஒன்றைத் துணி சுற்றிக் கழுத்தின் தலைப்பகுதியில் இறுக்கி, மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். செத்த சுரம் எழுந்து நிற்கும். குறை வேறொரு ஃபிரெட்டுக்கு நகர்ந்திருக்கும். மரம் அதேதான், மாறியது கழுத்தின் நுனியிலுள்ள எடை மட்டுமே. மரத்தின் செயல் உண்மையானது என்பதையும், அது மரத்தின் பெயரால் வருவதல்ல என்பதையும் இந்த ஒரு சோதனை சேர்த்தே காட்டிவிடுகிறது.

பெயரும் பலகையும்

கிட்டார் அட்டைகளில் அடிக்கடி வரும் மரங்களை எடையால் வரிசைப்படுத்தலாம். நன்கு உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் பாஸ்வுட் ஏறத்தாழ 410 கிலோவும், ஆல்டர் 450 கிலோவும், மகோகனி 590 கிலோவும், கடின மேப்பிள் 700 கிலோவும் எடை கொண்டவை. ஃபிரெட்டுகள் பதிக்கப்படும் பலகைக்கு உதவும் ரோஸ்வுட், அதாவது நம் ஊர் ஈட்டி, 830 கிலோ அளவில் இருக்கும். கருங்காலி 900 கிலோவைத் தாண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நம் மாமரம் சுமார் 670 கிலோ. உலக்கைக்குக் கருங்காலியைத் தேடிய நம் முன்னோரும், ஃபிரெட் பலகைக்கு அதைத் தேடிய கிட்டார் செய்பவர்களும் ஒரே குணத்தைத்தான் நாடினார்கள்: ஓயாத தேய்மானத்தைத் தாங்கும் கடினம். கம்பியும் நகமும் நாள் முழுதும் உரசும் இடத்தில் மென்மரம் குழிந்துவிடும்.

மற்ற மரங்களும் பெரும்பாலும் இப்படியே நடைமுறைக் காரணங்களால் வந்து சேர்ந்தவை. ஃபெண்டர் நிறுவனம் தன் முதல் மாதிரிகளைப் பைன் மரத்தில் செய்து, 1950ஐ ஒட்டி ஆஷ் மரத்துக்கு மாறியது. 1954இல் வந்த அதன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரும் ஆஷ் மரத்திலேயே தொடங்கி, 1956இல் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. ஆஷின் திறந்த துளைகளை நிரப்பிய பிறகே வண்ணம் பூச முடியும். ஆல்டரில் அந்த வேலை குறைவு, மரமும் எளிதாகக் கிடைத்தது. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால், மகோகனி உடலுக்கு மேல் மேப்பிள் மூடியோடு வந்தது. அந்தந்தக் கருவியில் வாசித்தவர்கள் புகழ்பெற்றதும், அந்தந்த மரத்துக்கு ஒரு குரல் உண்டு என்ற பேச்சு வேரூன்றியது. ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் லெஸ் பாலுக்கும் இடையே மரம் மட்டுமா வேறு? பிக்கப், கம்பியின் நீளம், பிரிட்ஜ், கழுத்தை இணைக்கும் முறை என அனைத்துமே வேறு. அந்த வேறுபாடு முழுவதையும் மரத்தின் கணக்கில் எழுதியதுதான் இந்தக் குழப்பத்தின் தொடக்கம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. "ஸ்வாம்ப் ஆஷ்" என்பது ஒரு மரத்தின் தாவரப் பெயர் அல்ல. சதுப்பில் வளர்ந்த ஆஷ் மரங்களின் அடிப்பகுதியில் கிடைக்கும் லேசான பலகைக்கு வணிகர்கள் வைத்த பெயர். அதே ஆஷ் மேட்டு நிலத்தில் வளர்ந்தால் கனத்துவிடும். விலை குறைந்த கிட்டார்களில் "கிழக்கு மகோகனி" என்ற பெயரில் வருவது, மகோகனிக் குடும்பத்தையே சேராத நேட்டோ என்ற வேறு மரம். ஒரே இனத்தில்கூட ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் எடையும் விறைப்பும் மாறும். மரவாடியில் தேக்குப் பலகை எடுக்கும் எந்த ஆசாரியும் பெயரைக் கேட்டதோடு நிறுத்துவதில்லை. தூக்கிப் பார்க்கிறார், வரியோட்டம் பார்க்கிறார், கணு தேடுகிறார், முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தள்ளி இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, முட்டியால் தட்டிக் கேட்கிறார். "கிண்" என்று ஒலித்தால் உலர்ந்த, வெடிப்பில்லாத பலகை. "தொப்" என்றால் ஈரமோ உளுப்போ இருக்கும். அவர் பிடிக்கும் அந்த இடம் பலகை அதிராத புள்ளிக்கு மிக அருகில் இருப்பதால்தான் ஒலி தெளிவாக எழுகிறது. அனுபவம் கற்றுத்தந்த இயற்பியல் அது. ஆனால் அதே பலகையில் கழுத்தைத் திருகி, பிரிட்ஜை இறுக்கி, மார்போடு அணைத்துப் பிடித்த பிறகு அந்தக் "கிண்" எஞ்சுவதில்லை. தட்டினால் இனிமையாக ஒலிக்கும் பலகை, மின் கிட்டாரிலும் இனிமையாக ஒலிக்கும் என்ற முடிவுக்கு இதனால்தான் வர முடியாது.

மரத்தைவிடப் பெரிய காரணங்கள்

மரத்தின் பங்கு சிறியது என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டுச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

1. பிக்கப் இருக்கும் இடம். ஃபெண்டர் வகைக் கிட்டாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 648 மி.மீ. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது பிரிட்ஜிலிருந்து 162 மி.மீ. தொலைவில் பிக்கப் இருந்தால், அழுத்தாமல் மீட்டிய கம்பியின் நான்கு மடங்கு மேற்சுரம் அந்த இடத்தில் அசைவற்று நிற்கும்; பிக்கப்புக்கு அது கேட்கவே கேட்காது. பிரிட்ஜிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் மற்றொரு பிக்கப்புக்கோ அதே மேற்சுரம் தெளிவாகக் கேட்கும். ஒரே கம்பி, ஒரே மரம். மாற்றுவிசையைத் தள்ளியதும் ஒலி அடியோடு மாறுகிறது. எந்த இரண்டு மரங்களுக்கும் இடையில் இத்தனை வேறுபாடு கிடையாது.

2. பிக்கப்பின் வகையும் உயரமும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் கூர்மையாக ஒலிக்கும். இரைச்சலை நீக்குவதற்காக 1955இல் சேத் லவர் கிப்சனுக்காக வடிவமைத்த இரட்டைச் சுருள் ஹம்பக்கர் தடிப்பாக ஒலிக்கும். பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி சாதாரணமாக 2 மி.மீ. அளவில் இருக்கும், திருகாணியைச் சில சுற்றுகள் திருப்பி அதை ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலே ஒலியின் வலுவும் குணமும் மாறுவது தெரியும். மிகவும் நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துப் பிடித்து, சுருதி அலையத் தொடங்கும்.

3. கேபிளின் நீளம். இதை விரித்துச் சொல்வது அவசியம், ஏனென்றால் நம் திருவிழா மேடைகளில் மரத்தின் மீது விழும் பழிகளில் பாதி இதற்குரியது. பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் கொடுத்து, அதற்கு மேல் வெட்டிவிடும். சுருளின் தூண்டல் 2.5 ஹென்ரி, அதன் சொந்த மின்தேக்கம் 150 பிக்கோஃபாரட், கேபிளுக்கு மீட்டருக்கு 120 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 3 மீட்டர் கேபிளில் அந்த உச்சம் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸில் வரும். மேடையின் மறுகோடியில் ஆம்ப்ளிஃபையரை வைத்து 9 மீட்டர் கேபிளை இழுத்தால் உச்சம் 2,900 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வீட்டில் பளிச்சென்று ஒலித்த கிட்டார் மேடையில் மங்கலாகக் கேட்பதற்கு இந்த 6 மீட்டர் கேபிள் ஒன்றே போதும்.

4. குமிழ்களின் மின்தடை மதிப்பு. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். மாற்றிப் போட்டால் மேற்சுரங்கள் மங்கும் அல்லது குத்தும்.

5. கம்பியின் நீளமும் கம்பியும். கிப்சன் வகையில் நீளம் ஏறத்தாழ 628 மி.மீ. ஒரே கம்பியை ஒரே சுருதியில் சேர்த்தால், 648 மி.மீ. கருவியில் இழுவிசை சுமார் 6 சதவீதம் அதிகம். துருவும் வியர்வையும் ஏறிய பழைய கம்பிகளைக் கழற்றிப் புதியவை மாட்டிய அன்று கேட்கும் மாற்றமும் மர மாற்றத்தைவிடப் பெரியது.

6. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது அலையின் உச்சிகள் வெட்டப்பட்டு, புதிய மேற்சுரங்கள் மின்சுற்றிலேயே பிறக்கின்றன. மரத்தால் வந்த நுண்ணிய வேறுபாடு அதற்கடியில் புதைந்துபோகும்.

காதை மட்டும் நம்பிச் செய்த சோதனைகள்

பெயர் தெரிந்தால் காது அதற்கேற்பக் கேட்கும். ஆகவே பெயரை மறைத்துக் கேட்க வைப்பதே நேர்மையான சோதனை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, மின்சாரமில்லாத சாதாரண கிட்டார்களைப் பற்றியது. பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களால் ஆன ஆறு கிட்டார்களை ஒரே கைவினைஞர் செய்தார். விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் ஆகியவை அந்த மரங்கள். மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்து, 52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்தார்கள். ஒலித்தரத்துக்கு அவர்கள் தந்த மதிப்பெண்கள் ஆறு கிட்டார்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மரமே காற்றைத் தள்ளும் கருவியில், பின்பலகையின் இன வேறுபாடு இவ்வளவுதான் என்றால், மரம் காற்றைத் தள்ளாத மின் கிட்டாரில் எவ்வளவு இருக்கும் என்பதை வாசகரே எடைபோடலாம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கிட்டார் கலைஞர் ஒருவர், இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, உடலும் கழுத்தும் இல்லாமல், அதே பிக்கப்பை அதே இடத்திலும் அதே உயரத்திலும் நிறுத்தி வாசித்துப் பதிவிட்டார். விலையுயர்ந்த கிட்டாரின் ஒலியோடு அது ஏறக்குறைய ஒத்திருந்தது. அது ஆய்வகச் சோதனை அல்ல என்றாலும், ஒலியின் பெரும்பகுதி எங்கே உருவாகிறது என்பதைக் கண்முன் காட்டுவது.

ஆனால் மரம் எதற்குமே உதவாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நான்கு மணி நேரக் கச்சேரியில் தோளில் தொங்குவது மூன்று கிலோவா ஐந்து கிலோவா என்பதை மரம்தான் தீர்மானிக்கிறது. கழுத்து நிமிர்ந்து நிற்குமா, வருடக்கணக்கில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்குமா என்பதும் மரத்தின் கையில். நம் பகுதிக்கு இது முக்கியம். ஈரம் மிகுந்த நாட்டில் செய்யப்பட்ட கிட்டார் பங்குனி, சித்திரை மாத வறட்சியில் தருமபுரியில் ஒரு மாதம் இருந்தால், ஃபிரெட் பலகை அகலவாட்டில் சுருங்கும். உலோக ஃபிரெட்டுகள் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃபிரெட் முனைகள் ரம்பப் பல்போல் உள்ளங்கையைக் கீறும். ஐப்பசி மழையில் அதே கழுத்து வேறு விதமாக வளைந்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்த வேண்டியிருக்கும். நேரான வரியோட்டமும் முறையான உலர்த்தலும் கொண்ட கழுத்தை இதற்காகத்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டும். கடையில் கருவியைக் கண்ணருகே பிடித்து, தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கிக் கழுத்தின் விளிம்பைப் பார்ப்பதும், ஒவ்வொரு ஃபிரெட்டிலும் சுரம் அடங்கும் நேரத்தை எண்ணுவதும் அட்டையைப் படிப்பதைவிட அதிகம் சொல்லும்.

சட்டத்தின் கை

மரப் பெயர்களின் மீதான இந்த மோகத்துக்குக் காடுகள் விலை கொடுத்திருக்கின்றன. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, பிரேசில் ரோஸ்வுட்டை 1992இல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கக் கண்டத்துப் பெரிய இலை மகோகனி 2003 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2017 ஜனவரி 2 முதல், நம் ஈட்டி உட்பட ரோஸ்வுட் பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. கிட்டார் எல்லை தாண்டுவதற்கே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அந்த நாட்களில் ஃபெண்டர் தன் மெக்சிகோ ஆலை மாதிரிகளில் ரோஸ்வுட்டை விட்டுப் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கு மாறியது. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு கிடைத்தது.

இந்தக் கதையில் இந்தியாவும் வருகிறது. அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தில் 2009இல் மடகாஸ்கர் கருங்காலிக்காகவும், 2011இல் இந்தியாவிலிருந்து சென்ற ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காகவும் சோதனை நடத்தினார்கள். 2012இல் அந்த நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. ஆஷ் மரத்துக்கோ சட்டத்தால் அல்ல, பூச்சியால் முடிவு நெருங்கியது: மரகத நிறத் துளைப்பான் வண்டு அமெரிக்க ஆஷ் காடுகளை அழித்துவர, மிசிசிப்பி வெள்ளமும் சேர்ந்துகொள்ள, பெரும்பாலான மாதிரிகளில் ஆஷைக் கைவிடுவதாக 2020இல் ஃபெண்டர் அறிவித்தது. எழுபது ஆண்டுகளாக "இந்த மரம் இல்லாமல் இந்த ஒலி இல்லை" என்று நம்பப்பட்ட கருவிகள் வேறு மரங்களில் தொடர்ந்து செய்யப்படுகின்றன, வாங்கப்படுகின்றன.

மகோகனி நட்டவர்களுக்கு ஒரு கணக்கு

கிட்டாருக்காக என்று சொல்லி மகோகனிக் கன்று விற்கப்படும்போது, ஒரு கிட்டார் எவ்வளவு மரம் கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உடலுக்குத் தேவையான பலகை ஏறத்தாழ 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. தடிமன். கன அடியில் சொன்னால் 0.28. ஒரு வீட்டுத் தலைவாசலுக்கு 7 அடி உயரமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட நிலை, 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டத்தில் செய்தால், கதவைச் சேர்க்காமலே 2.2 கன அடி பிடிக்கும். ஒரே ஒரு நிலையின் மரத்தில் ஏழு கிட்டார்களின் உடல்கள் அடங்கிவிடும்.

அந்தச் சிறிய தேவைக்கும் நிபந்தனைகள் கடுமை. கணுவோ வெடிப்போ கூடாது. உடலை இரண்டு துண்டுகளாக ஒட்டினாலும் ஒவ்வொரு துண்டும் 17, 18 செ.மீ. அகலத்துக்கு வைரமாகவே இருக்க வேண்டும். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் சூளையில் உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெட்டும் மரத்தில் வெளிறு அதிகம், வைரம் குறைவு. தோட்டத்து மகோகனியால் கிட்டார் செய்ய முடியாது என்பதில்லை; பிஜித் தீவுகளில் ஆங்கிலேயர் காலத்தில் நடப்பட்ட மகோகனி அமெரிக்கக் கிட்டார் ஆலைகளுக்குப் போயிருக்கிறது. ஆனால் அவை பல பத்தாண்டுகள் நின்ற மரங்கள். ஆகவே கிருஷ்ணகிரியிலோ பாலக்கோட்டிலோ மகோகனி நடும் விவசாயி கன்று விற்பவரிடம் கேட்க வேண்டியவை, எத்தனை அங்குலச் சுற்றளவு வந்தால் எந்த மர அறுவை ஆலை எடுத்துக்கொள்ளும், கன அடிக்கு இன்று கையில் கிடைக்கும் விலை என்ன, அது நிலைக்கும் கட்டிலுக்கும் ஆன விலையா என்பவைதான்.